ஒரு ரொட்டியின் பின்னால் ஓடினால்…

தெமோதரை லயமொன்றில் சுடச்சுடக் கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பலோடு வாய்க்குள் போகிறது. நாமும் கூடவே உள்ளே போவோம், வாருங்கள்! கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் சீனி வருத்த மருந்துகள் எங்கெங்கே நின்று வேலை பார்க்கின்றன என்று கண்டுவிடலாம்.

சிறுகுடலில் ஒரே மும்முரம். நொதியங்கள் மாவைச் சீனியாக வெட்டித் தள்ளுகின்றன. அவற்றைத் தடுப்பது யார் தெரியுமா? நம் நாட்டுக் கொடி, கொத்தல ஹிம்புட்டு! அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது பழைய வைத்தியம். 1997இல் ஜப்பானின் யோஷிகாவா குழு அந்தக் கொடியிலிருந்து, நொதியங்களைத் தடுக்கும் சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அகார்போஸ் மாத்திரையும் அதே நொதியங்களைத்தான் மறிக்கிறது. எனக்கு இது எத்தனை முறை வாசித்தாலும் புல்லரிக்கும்.

அடுத்தது ஈரல். நாம் தூங்கும்போதும் சீனி செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும் ஆள். மெட்ஃபோமின் அந்த உற்பத்தியைக் குறைக்கிறது. ஐரோப்பாவின் கலேகா செடி காட்டிய வழியில் பிறந்த மருந்து. 1922இல் டப்ளினில் உருவாகி, 1957வரை காத்திருந்துதான் நோயாளிகளிடம் வந்தது.

சதையியை உசுப்பி இன்சுலினை வெளியே தள்ளவைப்பது கிளிக்லசைட். கொழுந்தெடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். இதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலைக்கு ஏறினால் சீனி விழுந்து கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும்.

உடம்பையும் இளைக்கவைக்கும் ஊசிகளின் கதை இன்னும் அபாரம்! சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோன் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதைப்போல வேலை செய்து, அதைவிட நீடிக்கும் பொருளொன்றை 1992இல் ஜோன் எங் கண்டுபிடித்தார், கீலா என்ற அமெரிக்கப் பல்லியின் விஷத்தில்! அது 2005இல் மருந்தாக அனுமதி பெற்றது. பின்னால் வந்த செமாக்ளுடைட், மனித ஹோர்மோனையே சற்று மாற்றிச் செய்தது. வாரம் ஒரு ஊசி போதும். மூளையில் பசியை அடக்கும். இரைப்பையிலிருந்து சாப்பாட்டை மெல்ல இறக்கும். நம் தெமோதரை ஸ்டேசனில் நின்ற ரயில், மலையைச் சுற்றிவந்து அதே ஸ்டேசனுக்கு அடியிலேயே நுழைந்து பதுளைக்கு இறங்குகிறதே, அந்த நிதானம்!

ஹிம்புட்டுக் குவளை வைத்திருக்கிறீர்களா? கிளினிக்கில் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கலாம். பக்கத்துக் காம்பராக்காரரின் மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.