உலைக்களத்தில் காவல்

"இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை?" என்பது நம் நாட்டுப் பழமொழி. வேண்டாத இடத்தில் தலையிடுவோரைக் கண்டிக்கவே இதனை நாம் வழங்குகிறோம். ஆனால் இப்பழமொழி பிறந்த இடத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தால், அதனுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருப்பது விளங்கும். சம்மட்டி வீழும் இடத்தில், தீப்பொறி சிதறும் இடத்தில், வேலையில்லாதவர் நிற்கலாகாது. கொல்லன் பட்டறையின் முதற் காவல் விதி இதுவேயாகும்.

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஸ்ரீரங்கத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் நெல்லும் வாழையும் விளைகின்றன. கதிர் அறுக்க அரிவாள், வரப்பு வெட்ட மண்வெட்டி, வாழைத்தார் வெட்டக் கத்தி, குழி தோண்டக் கடப்பாரை என இரும்புக் கருவிகளின் தேவை அங்கே ஓய்வதில்லை. திருச்சிராப்பள்ளி நகரிலோ பெரிய கம்மாளத் தெரு என்று ஒரு தெருவே இருக்கின்றது. இவ்வூர் பெருந்தொழிலுக்கும் பெயர் பெற்றது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. 1965-இல் திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் அரசுத் தொழிற்சாலை தோன்றியது. ஆக, இரும்பு வேலையின் மிகச் சிறிய வடிவத்தையும் மிகப் பெரிய வடிவத்தையும் ஒரே ஊரில் நாம் காணலாம்.

காவலைப் பொறுத்தவரையில் இவ்விரண்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சுழலும் இயந்திரத்திற்கு வேலி, கண்ணுக்குக் காப்பு, புகையை வெளியேற்ற வழி என்று பல கடமைகளை முதலாளியின் மேல் சுமத்தியது. ஆனால், மின்விசை போன்ற விசையால் இயங்கும் இடமாயின் பத்துப் பேரும், அவ்விசை இல்லாத இடமாயின் இருபது பேரும் வேலை செய்தாலன்றி, பொதுவாக அச்சட்டம் ஓர் இடத்தைத் தொழிற்சாலையாகக் கொள்ளவில்லை. தந்தையும் மகனும் ஒரு சம்மட்டியாளும் உழைக்கும் சிறு பட்டறை அதன் எல்லைக்கு வெளியே நின்றது. அங்கே பழக்கமே சட்டம். மூத்த கைவினைஞரே ஆய்வாளர். அப்பழக்கங்கள் யாவை, அவற்றின் காரணம் என்ன, இன்றைய நிலைக்கு அவை போதுமா என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் உலையைப் பார்ப்போம். கரியைக் குவித்து நெருப்பு மூட்டி, அதன் அடியிலோ பக்கத்திலோ ஒரு குழாய் வழியாகக் காற்றைச் செலுத்துவதே உலை. முன்னாளில் ஆட்டுத்தோலால் ஆன இரட்டைத் துருத்தி இக்காற்றைத் தந்தது. ஒன்று ஊதும்போது மற்றொன்று காற்றை உள்ளிழுக்கும்; ஆதலால் காற்று இடையறாது பாயும். பின்னர்க் கையால் சுற்றும் சக்கரம் வந்தது. இன்று மின்சார ஊதுகருவி பெரும்பாலான இடங்களில் வந்துவிட்டது. கருவி மாறினும் அடிப்படை மாறவில்லை. காற்று மிகுந்தால் வெப்பம் மிகும். குறைந்தால் கரி முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய பட்டறைகள் பக்கச் சுவரின்றிக் கூரை மட்டும் உடைய கொட்டகைகளாக இருந்தமைக்கு வறுமை ஒன்றே காரணம் என்று கருதுதல் தவறு. திறந்த பக்கங்களே அங்கு உழைத்தவரின் உயிர்க்காவல்.

அக்கொட்டகை சற்று இருண்டிருப்பதையும் நீங்கள் கண்டிருக்கலாம். அதற்கும் காரணம் உண்டு. கொல்லருக்கு வெப்பமானி அவருடைய கண்தான். இரும்பு மங்கிய சிவப்பாகத் தோன்றினால் ஏறத்தாழ 700 டிகிரி சென்டிகிரேடு, ஆரஞ்சு நிறமானால் 950, மஞ்சளானால் 1100. அடித்து வடிவம் கொடுப்பதற்கு ஏற்ற பதம் அந்த ஆரஞ்சும் மஞ்சளுமே. நேர்வெயிலில் இந்நிற வேறுபாடுகள் புலப்படா, நிழலிலேதான் புலப்படும்.

ஆனால் பட்டறையில் பெரிதும் அஞ்சத்தக்கது ஒளிரும் இரும்பு அன்று, ஒளிராத இரும்பே. செந்நிறமாய்க் கனலும் இரும்பை எவரும் தொடமாட்டார். அது 400 டிகிரிக்கு ஆறியவுடன் கறுத்து, குளிர்ந்த இரும்பைப் போலவே காட்சியளிக்கும். 70 டிகிரி வெப்பமுள்ள பொருள் ஏறத்தாழ ஒரு நொடியில் தோலைச் சுட்டுவிடும் என்றால், 400 டிகிரி என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே தேர்ந்த கைவினைஞர் எந்த இரும்பையும் நேரே கையால் எடுப்பதில்லை. முதலில் புறங்கையை அதன் அருகே கொண்டு சென்று வெம்மையை உணர்வார், பிறகே தொடுவார். காய்ச்சிய துண்டை வைப்பதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, நாள்தோறும் அங்கேயே வைப்பார்.

இனிக் கருவிகளைக் காண்போம். அடைகல் என்றும் பட்டடை என்றும் வழங்கும் இரும்புத் திண்டு தரையில் ஆழப் புதைத்த மரக்கட்டையின்மேல் அசையாமல் அமர்ந்திருக்கும். அதன் உயரம், நின்று வேலை செய்பவரின் தொங்கவிட்ட கை முட்டியளவு இருத்தல் நன்று. அதற்கு மேற்பட்டால் தோள் நோகும். தாழ்ந்தால் முதுகு நோகும். குறடு என்பது கொல்லரின் இரண்டாம் கை. தட்டை இரும்பிற்கு ஒரு குறடு, உருண்டைக் கம்பிக்கு மற்றொரு குறடு என அதன் வாய் பிடிக்கும் பொருளுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத குறட்டின் வாயிலிருந்து அடி விழுந்த கணமே கனலும் இரும்பு துள்ளிப் பறந்துவிடும்.

சுத்தியலும் சம்மட்டியும் சேர்ந்து இயங்கும் முறை மிக அழகானது. தலைமைக் கைவினைஞர் இடக்கையில் குறடும் வலக்கையில் சிறு சுத்தியலும் கொண்டு, அடிக்க வேண்டிய இடத்தைத் தட்டிக் காட்டுவார். சம்மட்டியாள் அவ்விடத்திலேயே அடிப்பார். சுத்தியல் இரும்பைவிட்டு அடைகல்லின்மேல் தனியே ஒலித்தால் "நிறுத்து" என்று பொருள். ஆரவாரம் மிகுந்த இடத்தில் வாய்ச்சொல் கேளாது, இவ்வொலி கேட்கும். சம்மட்டியின் தலை கழன்று பறந்தால் நேர் எதிரே இருப்பவர் தப்புவது அரிது. ஆகவே வேலை தொடங்குமுன் காம்பு இறுகியுள்ளதா என்று பார்ப்பது கட்டாயம். காம்பை நீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் வழக்கம் உண்டு. ஆனால் ஊறிய மரம் உலர்ந்ததும் மீண்டும் தளரும். ஆப்பு அறைந்து இறுக்குவதே உறுதியானது. உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல் விரிந்துவிட்டால் அதனைத் தேய்த்துச் சீர்படுத்த வேண்டும். அவ்விளிம்பிலிருந்து தெறிக்கும் சிறு சில்லு கண்ணைப் பறித்துவிடும்.

வடிவம் பெற்ற அரிவாளுக்குத் தோய்ச்சல் இடுவது அடுத்த பணி. பதமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் எஃகு மிகவும் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பும் பெறும். ஆதலால் மீண்டும் மெல்லச் சூடேற்றி அக்கடினத்தைச் சிறிது தணிக்கின்றனர். மெருகிட்ட பரப்பில் வைக்கோல் மஞ்சள் தோன்றினால் 220 டிகிரி. ஊதா தோன்றினால் 280. நீலம் தோன்றினால் 300. எந்தக் கருவிக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதே இக்கலையின் நுட்பம். இங்கே அவசரப்பட்டால், எங்கோ ஒரு வயலில் அரிவாள் முறிந்து முன்பின் அறியாத ஒருவரைக் காயப்படுத்தும். பட்டறையின் காவல் பட்டறையின் வாசலோடு முடிவதில்லை.

இதுவரை கூறியவை தலைமுறைகளாக வந்த பழக்கங்கள். அவை பழைய ஆபத்துகளுக்கு ஏற்பட்டவை. இன்றைய பட்டறைக்கு வரும் இரும்போ பழைய இரும்பு அன்று. ஊர்திகளின் வில்பட்டை, துத்தநாகம் பூசிய நீர்க்குழாய், இருபுறமும் மூடிய உருளைகள் முதலியவை பழைய இரும்புக் கடையிலிருந்து வருகின்றன. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. உலையின் வெப்பமோ அதனினும் மிகுதி. எழும் வெண்புகையை உள்ளிழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் காணும். பகலில் அடித்த குழாய்க்கும் இரவில் வந்த காய்ச்சலுக்கும் தொடர்புண்டு என்று யாரும் சொல்லித் தராவிடில் எவ்வாறு தெரியும்? மூடிய உருளையை உலையில் இட்டால் உள்ளிருக்கும் காற்றோ எண்ணெயோ விரிந்து வெடிகுண்டைப் போல் வெடிக்கும். மின்சாரச் சாணைச் சக்கரம் விரிசல் விட்டிருந்தால் சுழலும் வேகத்தில் சிதறும். செயற்கை நூலாடை தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இவற்றிற்குப் பாட்டனாரின் பழக்கத்தில் விடையில்லை. ஏனெனில் அவர் காலத்துப் பட்டறையில் இவை இல்லை.

ஆகவே புதிய பழக்கங்களை நாம்தாம் படைத்துக்கொள்ள வேண்டும். பருத்தி உடை, கண்ணாடிக் காப்பு, மூடிய தோற்செருப்பு ஆகிய மூன்றுமின்றி உலையருகே செல்லலாகாது. பூச்சுள்ள இரும்பையும் மூடிய உருளையையும் உலையில் இடலாகாது. தோய்ச்சல் எண்ணெய்க்கு மூடியுடன் கூடிய இரும்புப் பாத்திரம் வேண்டும். பிளாஸ்டிக் வாளி உதவாது. அருகே ஒரு தொட்டி நீரும், எண்ணெய்த் தீயை அணைக்க மணலும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். எண்ணெய்த் தீயில் நீரை ஊற்றுதல் கூடாது. கை சுட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாமல், குளிர்ந்த நீர் 20 நிமிடம் காயத்தின்மேல் ஓடும்படி செய்ய வேண்டும். கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் கசக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பொறியியற் கல்லூரியிலோ உலைக்களத்தில் நிற்கப் போகிறீர்கள். நீங்கள் நூலில் கற்பது உலோகத்தின் காரணகாரியம். பட்டறைப் பெரியவர் அறிந்திருப்பது கையின் பழக்கம். புறங்கையால் வெம்மை அறியும் நுட்பத்தை அவரிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். துத்தநாகப் புகையின் தீமையைப் பணிவோடு அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். ஆய்வாளர் வராத அச்சிறு கொட்டகையில் ஒரு கண்ணும் ஒரு கையும் காப்பாற்றப்பட அந்த உரையாடலே போதும்.