முன்னிலையில் நிற்கும் கடவுள்

பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவது படர்க்கை என இடத்தை மூன்றாக வகுத்தனர் நம் இலக்கண நூலார். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இந்த எளிய பாகுபாடு சமய வாழ்வின் ஆழமான வினாவொன்றை விளங்கிக்கொள்ளவுந் துணைசெய்யும். ‘கடவுள் இருக்கிறார்’ என்பது படர்க்கை வாக்கியம். அதனை மேடையில் நிறுவலாம், மறுக்கலாம், ஏற்றுக்கொண்டபின் மறந்தும்விடலாம். ‘கடவுளே!’ என்பதோ விளி. அப்படி அழைத்தவன் ஒருவர் முன் நிற்கத் தொடங்கிவிட்டான்.

‘கடவுளோடு தனிப்பட்ட உறவு’ என்னுந் தொடர் கிறிஸ்தவ நற்செய்திக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படுவது. பலர் கைபட்டுத் தேய்ந்த நாணயம்போல அதன் முத்திரை இன்று மங்கியிருக்கிறது. உள்ளம் உருகுதல், கண்ணீர் பெருகுதல், யாரோ அருகில் இருப்பது போன்ற உணர்வு ஆகியவையே அவ்வுறவு என்று பலர் கருதுகின்றனர். இவை வாய்க்காத நல்லோர் சிலர், ஆலயத்துக்குத் தவறாது சென்றும், தாம் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களோ என்று தமக்குள்ளே வாடுவதுண்டு. அவர்களுடைய ஐயத்துக்கு விடை என்ன? கிறிஸ்தவத்தின் மூல நூல்களும் அதன் அடியார்களும் இவ்வுறவை எங்ஙனங் கண்டனர் என்று நோக்குவோம்.

வேதாகமத்திலே பலரும் அறிந்தது 23ஆம் சங்கீதம். அதன் முதல் மூன்று வசனங்களும் கடவுளைப் படர்க்கையிலே பேசுகின்றன. மேய்ப்பராகிய அவர் புல்லுள்ள இடத்துக்கும் நீருள்ள இடத்துக்கும் ஆட்டை நடத்துகிறார். நான்காம் வசனத்திலே வழி இருண்ட பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. அந்த இடத்திலேயே ‘அவர்’ மறைந்து முன்னிலைப் பெயர் வந்துவிடுகின்றது. பசும்புல் வெளியிலே கடவுளைப் பற்றிப் பேசியவன், மரண நிழலிலே கடவுளோடு பேசுகிறான். எபிரேய மொழியில் மன்னனுக்கும் மகனுக்கும் வழங்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழில் வேதாகமத்தைப் பெயர்த்தோர் அவ்விடத்திலே ‘தேவரீர்’ என்று எழுதினர். நெருக்கம் மிகுந்த இடத்திலும் வணக்கம் குறையலாகாது என்பது அவர்கள் துணிபுபோலும்.

இம்முன்னிலையிலேயே ஒரு பெருநூலை முழுவதும் எழுதியவர் புனித அகுஸ்தீனார். கி.பி. 354இல் வட ஆபிரிக்காவிலே பிறந்த அவர் நம் வாசகர் பலரைப்போல ஓர் ஆசிரியர். கார்த்தேஜிலும் உரோமையிலும் மிலானிலும் சொற்கலை கற்பித்துப் புகழ் தேடியவர். இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மணிக்கேய மதத்தைச் சார்ந்திருந்தார். பின்னர் பிளேட்டோவின் வழிவந்தோர் நூல்களைக் கற்றார். கடவுளைப் பற்றிய கொள்கைகள் பலவற்றை ஆராய்ந்தும் அவர் மனம் அமைதியுறவில்லை. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டமொன்றிலே மனந்திரும்பி, அடுத்த ஆண்டு அம்புறோஸ் ஆயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பத்தாண்டுகள் கழிந்தபின் தம் வாழ்வை எழுதப் புகுந்தபோது, வாசகரை நோக்காது கடவுளையே முன்னிலையாக்கிப் பதின்மூன்று புத்தகங்களையும் எழுதினார்.

எல்லாம் அறிந்த கடவுளுக்கு இவற்றைச் சொல்வானேன் என்ற தடையை அகுஸ்தீனாரே எழுப்பிக்கொள்கிறார். கடவுளுக்கு அறிவிப்பதற்காகத் தாம் இவற்றைச் சொல்லவில்லை, தம் உள்ளத்திலும் படிப்போர் உள்ளத்திலும் அன்பு கிளர்தற்பொருட்டே சொல்வதாக அவர் விடையுங் கூறுகிறார். பிள்ளைக்கு நேர்ந்ததெல்லாம் தாய்க்குத் தெரியும்; ஆயினும் பிள்ளை தன் வாயாற் சொல்லும்போது இருவருக்குமிடையே புதியதொன்று நிகழ்கிறதல்லவா? இறைவேண்டலும் அத்தகையதே.

இவ்வுறவுக்குக் கிறிஸ்தவர் கொள்ளும் முதல் மாதிரி இயேசுவே. அவர் பேசிய அரமேய மொழியிலே தந்தையை ‘அப்பா’ என்றே அழைப்பர். தமிழோடு அச்சொல் ஒத்திருப்பது தற்செயலே. எனினும் தமிழர் அதன் இனிமையை எளிதில் உணர்வர். அது குழந்தைகளின் மழலைச் சொல் மாத்திரமன்று, வளர்ந்த மக்களும் வழங்கியதே என்று அறிஞர் காட்டியுள்ளனர். கெத்செமனே தோட்டத்திலே துன்பம் நெருங்கிய இரவில் இயேசு அச்சொல்லாலே கடவுளை அழைத்ததை மாற்கு நற்செய்தி குறித்துள்ளது. அந்த வேண்டுதலிலேயே அவர் தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்குக் கீழ்ப்படுத்துகிறார். உரிமையும் பணிவும் அங்கே ஒரே மூச்சிலே வெளிப்படுகின்றன.

மறுநாள் சிலுவையிலே அந்தச் சொல்லும் வரவில்லை. தாம் கைவிடப்பட்டது ஏன் என்று அவர் கதறியதாக அதே நற்செய்தி கூறுகின்றது. 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகிய அக்கதறலும் விளியாகவே அமைந்திருத்தல் கவனிக்கத்தக்கது. கைவிட்டாரென்று முறையிடுகிறவர் வேறொருவரிடம் முறையிடவில்லை. கைவிட்டவரையே ‘என் தேவனே’ என்று விளித்து நிற்கிறார். உணர்வு அற்றுப்போன இடத்திலும் உறவு அறவில்லை.

இது பழங்காலத்துச் செய்தி மாத்திரமன்று. 1946 செப்டெம்பர் 10ஆந் திகதி கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங்குக்குப் புகையிரதத்திற் சென்ற துறவியொருவர், வறியோரிடையே வாழுமாறு இயேசு தம்மை அழைப்பதாக உணர்ந்தார். அவரே அன்னை திரேசா. 1950இல் அவர் நிறுவிய சபை திருச்சபையின் ஒப்புதலைப் பெற்றது. 1979இல் நொபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவருடைய முகமலர்ச்சியைக் கண்டோர், இவர் எப்பொழுதும் கடவுளின் அண்மையிலே திளைப்பவர் என்று எண்ணினர். 1997இல் அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், ஆன்ம வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது உலகம் வியப்படைந்தது. அழித்துவிடுமாறு அவரே கேட்டுக்கொண்ட கடிதங்கள் அவை. சபை தொடங்கிய காலந்தொட்டே கடவுள் அண்மையில் உள்ளார் என்ற உணர்வு தமக்கு இல்லாது போயிற்று என்றும், உள்ளம் இருளும் வெறுமையுமாய்க் கிடந்தது என்றும் அவற்றில் எழுதியிருந்தார். 1958இற் சிறிது காலம் நீங்கிய அவ்விருள் மீண்டும் சூழ்ந்தது.

அவர் நடித்தாரென்று சிலர் கூறினர். ஆயினும் அவ்விருளைப் பற்றி எழுதிய இடங்கள் சிலவற்றிலே அவர் இயேசுவையே விளித்துத் தம் வெறுமையை முறையிட்டிருத்தலைக் காண்கிறோம். விடை வாராத நாட்களிலும் அழைத்தலை அவர் நிறுத்தவில்லை. வைகறையிலே எழுந்து வேண்டுவதையும், நோயாளரின் புண்ணைக் கழுவுவதையும் விடவில்லை. திருச்சபை அவரைப் புனிதரென 2016இல் அறிவித்தபோது, இக்கடிதங்களை எல்லோரும் படித்திருந்தனர்.

தனிப்பட்ட உறவு என்பதனைத் தனித்திருக்கும் உறவென்று கொள்ளுதலுந் தவறு. இயேசு கற்பித்த செபத்தைக் கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் வெவ்வேறு சொற்களாற் சொல்லினும், இரு சாராரும் தந்தையை ‘எங்கள்’ என்றே அழைக்கின்றனர். அங்கே ‘என்’ இல்லை. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேற் குறையுண்டென்று நினைவுகூர்ந்தால், முதலிற் சென்று அவனோடு ஒப்புரவாக வேண்டுமென்பது இயேசுவின் கட்டளை. பசித்தவனுக்குச் செய்தது தமக்கே செய்ததென்றும் அவர் கூறினார். நாம் படர்க்கையில் வைத்து ‘அவன்’ என்று பேசிவிட்டுப் போகும் அயலானை முன்னிலையாக்காதவன், கடவுளை மாத்திரம் முன்னிலையாக்கிவிட முடியாது.

ஆகவே, கண்ணீர் வரவில்லையே என்று வாடும் அன்பருக்குச் சொல்லத்தக்கது இதுவே: உணர்ச்சி வந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்க; வராவிடின் அதனை அளவுகோலாக்கற்க. இன்றிரவு விளக்கணைக்குமுன், உள்ளத்திலே வெறுமையன்றி ஒன்றுமில்லையென்றால், அந்த வெறுமையையே கடவுளிடம் முன்னிலையிலே சொல்லுக. அப்படிச் சொல்லுகிறவர் வாயிலுக்கு வெளியே நிற்பவர் அல்லர்.