ஆறாத பருவும் தள்ளிப்போகும் தேதியும்

முகத்தில் மாதக்கணக்காக ஆறாத பரு. மாதவிடாய் ஒரு மாதம் வருகிறது, இரண்டு மாதம் காணோம். சீப்பில் கற்றையாக முடி. எந்நேரமும் அசதி. தோலுக்கு ஒரு மருத்துவர், தேதிக்கு இன்னொருவர், அசதிக்குத் தெருமுனை கிளினிக். மூன்று இடத்திலும் மாத்திரை கிடைக்கிறது. என்ன நோய் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் கேட்டால் உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ‘எல்லாம் நார்மல்’ என்று வந்துவிட்டால், இனிமேல் வாயைத் திறந்தாலே மனப்பிரமை என்று முடிவுகட்டிவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

அப்படித் தவிப்பவர்கள் கற்பனை நோயாளிகள் அல்ல. அவர்களுடைய உடம்பு ஒரே செய்தியைப் பல இடங்களில் சொல்கிறது. கேட்பவர்கள்தான் ஆளுக்கொரு துண்டைக் கேட்கிறார்கள். எது முதலில் வந்தது, அதற்குச் சற்றுமுன் என்ன மாறியது என்ற வரிசையைத் தெளிவாக வைத்தாலே பல நேரங்களில் காரணம் பிடிபட்டுவிடும். அடுத்த பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்குமுன் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஒரு தாளில் தோலையும் மாதவிடாயையும் சேர்த்தே எழுதுங்கள். வயதுக்கு வந்த வயது, கடந்த ஓராண்டில் தேதி வந்த நாள்கள், எடை எப்போது ஏறியது, மோவாயில் முடி எப்போது தடித்தது, எத்தனை நாளுக்கொருமுறை அதை எடுக்க வேண்டியிருக்கிறது, பரு தாடையோரமா நெற்றியா முதுகா என்பதெல்லாம் வேண்டும். பூசிய கிரீம், சாப்பிட்ட மாத்திரை, போட்ட ஊசி, நாட்டு மருந்து, ஜிம்மில் வாங்கிய புரதப் பொடி எதையும் விடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கிரீமும் இதில் சேர்த்தி. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்களில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தைராய்டு என்று ஒரு வரி. மூன்று நான்கு ஆண்டுக்கு முந்தைய புகைப்படம் ஒன்று போனில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். முகம் மெதுவாக மாறுவது கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்குத் தெரியாது. பழைய படம் காட்டிக்கொடுத்துவிடும்.

தோலுக்கும் மாதவிடாய்க்கும் என்ன தொடர்பு? பெண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள் சிறிதளவு சுரக்கின்றன. அவை கூடினாலோ, தோல் அவற்றுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டினாலோ எண்ணெய்ச் சுரப்பி பெருக்கிறது, பரு வருகிறது. மோவாயிலும் மேலுதட்டிலும் மெல்லிய முடி தடித்துக் கறுக்கிறது. உச்சந்தலையிலோ முடி மெலிகிறது. அதே ஹார்மோன் சினைப்பையில் முட்டை முதிர்வதைத் தடுப்பதால் தேதி தள்ளிப்போகிறது. இதற்குப் பின்னால் பல பெண்களிடம் இன்சுலின் நிற்கிறது. உடல் திசுக்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. மிகையான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. கல்லீரல் உண்டாக்கும், அந்த ஹார்மோனைக் கட்டிப்போடும் புரதத்தையும் அது குறைத்துவிடுகிறது.

இந்த இன்சுலின் மிகுதியின் அடையாளம் பலருடைய பின்கழுத்தில் இருக்கிறது. வெல்வெட் துணிபோலத் தடித்த கருமை. அக்குளிலும் தொடையிடுக்கிலும்கூட வரும். அழுக்கு என்று நினைத்து எலுமிச்சையும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள். குளிக்காததால் வருவதல்ல அது. இன்சுலின் மிகும்போது தோலின் செல்கள் பெருகித் தடிப்பதால் வருவது. தேய்த்தால் புண்தான் மிஞ்சும். எடை குறைந்து இன்சுலின் இறங்கினால் தானாக மங்கும். ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் இது வந்தால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோய் மண்டிக்கிடக்கும் நம் ஊரில் இந்தக் கழுத்தைப் பார்த்து ஒரு பெற்றோர் திட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போனால், அதுவே பெரிய காரியம்.

பரு, முகமுடி, தள்ளிப்போகும் தேதி என்று சேர்ந்து வரும் இந்தக் கூட்டுக்குத்தான் பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்று பெயர். 1935-இல் சிகாகோவின் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் வரையானவர்களுக்கு இருப்பதே கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை: ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அறிகுறி அல்லது ரத்த அளவு, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் கோளாறுகள் இல்லை என்றும் உறுதிப்படுத்த வேண்டும்.

இதிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகும். தேதி ஒழுங்கில்லை, தாடை முழுக்க முடி என்றால் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம். தேதி சரியாக வருகிறது, பருவோ முடியோ இல்லை, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் சினைப்பையில் ‘பல சிறு நீர்க்கட்டிகள்’ என்று எழுதியிருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அங்கே தெரிபவை பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள். அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகளுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். முடிவு செய்யக் கூடாது என்பது 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையே அப்படித்தான் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, ‘பின்னால் குழந்தை பிறப்பது கஷ்டம்’ என்று சொல்லி அனுப்புவது கொடுமை.

இனி, பலரும் வாயே திறக்காத இடத்துக்கு வருவோம். மங்குக்கு, பருத் தழும்புக்கு, நிறம் கூட என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கிரீம்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூவோசினோலோன், பெக்லோமெத்தசோன் என்று டியூபில் பொடி எழுத்தில் இருக்கும். பூசிய சில நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது. அதனால்தான் கைவிட முடிவதில்லை. மாதங்கள் போகப்போகத் தோல் மெலிந்து சிவக்கிறது, ரத்தக் குழாய் தெரிகிறது, வெயில் பட்டால் எரிகிறது. கூடவே பரு குவிகிறது. கன்னத்தில் முடியும் முளைக்கிறது. முகத்தைப் பார்த்தால் அச்சு அசல் ஹார்மோன் கோளாறு. அந்தப் பெண் பி.சி.ஓ.எஸ். பரிசோதனை எல்லாம் செய்துகொள்கிறாள், எல்லாம் நார்மல் என்று வருகிறது. கிரீமை அவள் சொல்லவில்லை, ஏனென்றால் அதை மருந்து என்றே அவள் நினைக்கவில்லை. நிறுத்திப் பார்த்தால் சில நாளில் முகம் கொதித்துச் சிவந்துவிடுகிறது. கிரீம்தான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பி மீண்டும் பூசுகிறாள்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தக் கிரீம் பாதிப்புக்குத் தனி நோயாகவே பெயரிட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு இத்தகைய கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த கிரீமைப் பூசுகிறவர்களுக்கு அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். ஆண்டுக்கணக்கில் தீராத படர்தாமரை பலருக்கு இருப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு. பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் வேறு. கேரளத்தின் மலப்புறத்தில் அப்படிப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூசத் தொடங்கியபின் கால் வீங்கினால், சிறுநீரில் நுரை அடங்காமல் இருந்தால் உடனே நிறுத்திச் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

ஸ்டீராய்டு உள்ளேயும் போகலாம். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் லேபிள் இல்லாமல் மடித்துக் கொடுக்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் அது கலந்திருப்பது உண்டு. முகம் வட்டமாக உப்பும், வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும், உட்கார்ந்து எழக் கையூன்ற வேண்டிவரும். இது குஷிங் நோய்க்குறி. கட்டியால் வருவது அரிது. வெளியிலிருந்து போன ஸ்டீராய்டால் வருவதே அதிகம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பல வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அட்ரினல் சுரப்பி வேலையை விட்டிருக்கும். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பரு எல்லாம் ஹார்மோனும் அல்ல. நெற்றியோரம் மட்டும் பொடிப்பொடியாக வந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சில வாரம் நிறுத்திப் பாருங்கள். மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு வருபவை ரோமக்கால் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிடச் சாப்பிட அவை பெருகும். பி12 ஊசி, காசநோய்க்கான ஐசோனியசிட், சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் பருவை வரவழைக்கும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வலிக்கும் கட்டிகள் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து உடைந்து தழும்பானால் அதைச் சூட்டுக் கட்டி என்று விட்டுவிடாதீர்கள். ஹைட்ராடெனிடிஸ் சப்புரேட்டிவா என்ற நாள்பட்ட நோய் அது. காட்டக் கூச்சப்பட்டே பலர் ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள். சீக்கிரம் வந்தால் மருந்திலேயே கட்டுப்படுத்த வாய்ப்பு அதிகம்.

தோல் வறட்சி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, அதிக உதிரப்போக்கு சேர்ந்து வந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்கவில்லை என்பவர்கள் காலைக் காபியைக் கவனியுங்கள். மாத்திரைக்கும் காபிக்கும் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். பாலூட்டாத காலத்தில் மார்பில் பால் கசிந்து தேதியும் நின்றால், பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடியிருக்கலாம். பலர் மூளை ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். கேஸ் தொல்லைக்கு மாதக்கணக்காகச் சாப்பிடும் மாத்திரையில் டோம்பெரிடோன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கும் புரோலாக்டினைக் கூட்டும் குணம் உண்டு.

பரிசோதனைகளே ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் பயோட்டின் சில தைராய்டு, ஹார்மோன் பரிசோதனைகளைத் தவறாகக் காட்டும்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக அதை நிறுத்தலாமா என்று கேளுங்கள். தேதியை வரவழைக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது ஆண் ஹார்மோன் அளவு தாழ்ந்துவிடும். ஏறத்தாழ மூன்று மாதம் நிறுத்திய பிறகே அந்த அளவை நம்பலாம், அதுவரை கருத்தடைக்கு வேறு வழி வேண்டும். மாத்திரையால் மாதாமாதம் வரும் உதிரம், சினைப்பை சரியாகிவிட்டதற்குச் சான்றும் ஆகாது. ரத்தத்தில் அளவு நார்மலாக இருந்தும் தாடையில் பரு வருகிறதென்றால் ரோமக்கால் ஆண் ஹார்மோனுக்கு அதிகம் கூசுவது காரணமாக இருக்கலாம். சிகிச்சை அப்போதும் வேலை செய்யும்.

சில அறிகுறிகளுக்குத் தாளில் எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. முகமுடி சில மாதங்களிலேயே வேகமாகத் தடித்தால், குரல் கட்டையாகிப்போனால், பெண்குறிக் காம்பு பெரிதானால் சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இருக்கிறதா என்று அந்த வாரமே பார்க்க வேண்டும். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் நின்றவர்கள் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு பின் மருத்துவரைப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளோடு டியூபுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மேசையில் வையுங்கள். எதை நினைத்து இந்தப் பரிசோதனை, நார்மல் என்று வந்தால் அடுத்து என்ன என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல், மகப்பேறு, நாளமில்லாச் சுரப்பிப் பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருப்பதால் மூன்றையும் ஒரே நோட்டில் எழுதவைக்க முடியும்.

மருந்து தொடங்கியபின் பரு குறைய எட்டு முதல் பன்னிரண்டு வாரமும், முகமுடி மெலிய ஆறு மாதமும் ஆகும். கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் ஐசோட்ரெட்டினாயின், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டையும் கருத்தடை இல்லாமல் சாப்பிடக் கூடாது. இவை சிசுவைப் பாதிக்கும். மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் பருவில் சிறு மாற்றமும் இல்லையென்றால், மருந்தை மாற்றச் சொல்வதற்குமுன் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறோமா என்று மருத்துவரை மறுபடி யோசிக்கச் சொல்லுங்கள்.