நிழலை நம்பி இழந்த மாதங்கள்

எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேல்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு. வாரக்கணக்கில் இருமல், லேசான காய்ச்சல், குறைந்துகொண்டே போகும் எடை. இந்தியாவில் எந்தச் சிறு நகரத்து டாக்டரும் முதலில் சந்தேகிப்பது காசநோயைத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், நுரையீரல் புற்றுநோயும் இதே இருமலோடும் இதே திட்டோடும்தான் வருகிறது. சளியில் கிருமி தென்படாதபோதும், படத்தை மட்டுமே நம்பி காசநோய் மாத்திரைகள் தொடங்கப்படுவதுண்டு. வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதம். இருமல் அடங்காமல் நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள், அறுவை சிகிச்சையால் குணப்படுத்தும் கட்டம் பல சமயம் கடந்துவிடுகிறது.

சி.டி. ஸ்கேன் இன்னும் நிறையச் சொல்லும். கட்டியின் அளவு, அதன் கரடுமுரடான விளிம்பு, நிணநீர்க் கணுக்களின் வீக்கம் எல்லாம் அதில் தெரியும். பெட் ஸ்கேனோ, சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடங்களை ஒளிரச் செய்து நோயின் பரவலைக் காட்டும். ஆனால் காசநோய்ப் புண்ணும் அதேபோல ஒளிரும் என்பதால், இந்தியாவில் இதையும் முழுதாக நம்புவதற்கில்லை.

இறுதித் தீர்ப்பு திசுப் பரிசோதனையுடையது. கட்டி மூச்சுக்குழாயை ஒட்டி இருந்தால், பிராங்கோஸ்கோப் என்ற வளையும் குழாயைச் செலுத்தித் துணுக்கு எடுக்கிறார்கள். ஓரத்தில் இருந்தால், ஸ்கேன் வழிகாட்ட, விலா எலும்புகளுக்கு இடையே ஊசி நுழைகிறது. 'ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்' என்று அஞ்சிப் பலர் மறுக்கிறார்கள். அப்படிப் பரவுவது மிக அபூர்வம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவதுதான் அதைவிட அதிகம் நேரக்கூடிய ஆபத்து. அதற்காகவே நோயாளியைச் சில மணி நேரம் கண்காணிக்கிறார்கள்.

புற்றுநோயா இல்லையா என்பதோடு அந்தச் சிறு துணுக்கின் வேலை முடிவதில்லை. எந்த வகை, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் உண்டா என்பதையும் அதில் பார்க்கலாம். புகையையே தொடாத பெண்கள் பலரிடம் காணப்படும் இந்த மாற்றம் இருந்தால், நோய் முற்றிய நிலையிலும் தினசரி மாத்திரையால் அதைக் கட்டுப்படுத்த வழியுண்டு.

துணுக்கு காசநோய் என்று சொன்னாலும் லாபம்தான். மருந்தை நம்பிச் சாப்பிடலாம். சளியில் கிருமி இல்லை, மாத்திரையிலும் பலன் இல்லை என்றால், நோயாளி தாமதிக்காமல் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "திசுவை எப்போது பார்ப்பீர்கள்?"