புதுமொழி பயில்வோம் – 9: புன்னைக்காயல் இலக்கணம்

புதுமொழி பயிலக் கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கும் உபகரணங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். மறக்கும் தறுவாயில் உள்ள சொற்களை நாள் கணக்கிட்டு மீண்டும் கண்முன் நிறுத்தும் ‘ஆங்கி’ முதலிய சொல்லட்டைச் செயலிகளைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் நான்கு நாட்களாக நான் படித்துக்கொண்டிருக்கும் ஒரு புத்தகம் வேறு எதையும் எழுதவொட்டாமல் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியின் தலைமாட்டில், தமிழுக்கு முதல் வியாகரணம் செய்தவர் என்று மரபு போற்றும் அகத்திய முனிவர் வீற்றிருக்கிறார். அந்நதி கடலோடு கலக்கும் புன்னைக்காயலிலோ, ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலின் ஆசிரியரான ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், நம் மக்கள் வாயில் அண்டிரிக் அடிகளார், நெடுங்காலம் வாழ்ந்தார். 1546-ல் போர்த்துக்கல்லிலிருந்து புறப்பட்டு முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த அவர், துபாஷிகளை நம்பியிராமல் தாமே இம்மக்களோடு சம்பாஷிக்க வேண்டும் என்று பெரும் பிரயத்தனம் செய்து தமிழைக் கற்று, கற்றதைத் தமக்குப் பின் வரும் பாதிரிமார்களுக்காகப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதியும் வைத்தார். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வெளிவருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை இது. லிஸ்பனில் கையெழுத்துப் பிரதியாக இருந்த இந்நூலை ஜீன் ஹைனும் நம் வி. எஸ். ராஜம் அவர்களும் ஆங்கிலமாக்க, ஹார்வர்டு கீழ்த்திசை நூல் வரிசையில் 2013-ல் அது வெளிவந்தது. பண்டிதர் நடையை விட்டு, அக்காலத்துக் கடற்கரை ஜனங்கள் வாயில் வழங்கிய பேச்சே அதில் பெரிதும் பதிவாகியிருப்பதைக் காணும்போது, நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்திய நம் தாமிரபரணிக் கரையின் குரலைக் கேட்பது போன்ற பரவசம் உண்டாகிறது.

அடிகளார் தமிழை லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்த்தார் என்று குறை கூறுவோர் உண்டு. தமிழின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு அது குறையே. ஆயினும் அந்நூலைக் கையில் எடுக்கப் போகிறவர் லத்தீன் படித்த பாதிரியார். அவருக்குத் தெரிந்த கரையிலிருந்து தெரியாத கரைக்குப் போட்ட பாலம் அது. நாம் இன்று ஓர் உபகரணத்தைத் தேரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்: இந்தப் பாலம் எந்தக் கரையிலிருந்து போடப்பட்டது?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு பெண், நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி செல்வதற்காக இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் ஜெர்மன் படிக்கிறாள். அவள் படித்த செயலி ஆங்கில வழியில் கற்பிப்பது. ‘வைல்’, அதாவது ‘ஏனெனில்’, என்று தொடங்கும் வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் போய் நிற்பதை ஒரு விபரீதம் போல அது எச்சரித்ததால், அவளும் இரண்டு வாரம் அதைக் கண்டு மிரண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் வந்து, “பெரியப்பா, இங்கிலீஷ்ல யோசிச்சாத்தான் தப்பு வருது. தமிழ்ல யோசிச்சா அப்படியே வந்துருது” என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. ‘வைல் இஷ் ஹொய்ட்டெ இன் தென்காசி ஆர்பைட்டெ’ என்பதில் ‘நான், இன்று, தென்காசியில், வேலை செய்கிறேன்’ என்ற கிரமம் நம் கிரமமேதான். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை ஜெர்மானியரும் ‘மிர்’, அதாவது ‘எனக்கு’, என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியே போகிறவன்தான் ‘நான்’ என்று தொடங்கித் தடுமாறுகிறான். தமிழ்ப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே வாய்த்த இந்தச் சௌகரியத்தை, ஆங்கிலக் கரையிலிருந்து போட்ட பாலம் சுட்டிக்காட்டாமலே கடந்துவிடுகிறது.

ஆகவே, ஜெர்மன் வானொலி நிறுவனமான டாய்ச்சே வெல்லே இலவசமாகத் தரும் ‘நிக்கோஸ் வெக்’ என்ற படக்கதைப் பாடத்தைக் காதுக்காகப் பார்க்கலாம். விமான நிலையத்தில் பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் வாலிபனின் கதை அது, உச்சரிப்பு தெளிவு. ஆனால் குறிப்புப் புத்தகத்தில் விளக்கங்களை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழிலேயே எழுதுங்கள். அந்தப் பெண் அப்படி எழுதிய இரண்டு நோட்டுகளை எனக்குக் காட்டினாள். ஒரு பக்கத்தில் வேற்றுமை உருபுகளை இரண்டு மொழியிலும் எதிரெதிரே அடுக்கி வைத்திருந்தாள்.

சொல்லட்டைகளைப் பற்றி அடுத்த வாரம். ஜெர்மனோ ஜப்பானியமோ தமிழ் வழியே பயின்று இவ்விதம் குறிப்பெழுதி வைத்திருக்கும் வாசகர்கள், அதில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இப்பத்திரிகையின் முகவரிக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன்.