ஃபேனை நிறுத்துங்க, குமிழி வருது!

ஆவடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. பக்கத்து அறையை எட்டிப் பாருங்கள், ஒரே அமர்க்களம்! பாத்திரம் தேய்க்கிற லிக்விட், மெடிக்கலில் வாங்கிய கிளிசரின், டப்பாவில் சர்க்கரை, கட்டுக்கட்டாக ஜூஸ் கடை ஸ்ட்ரா. வானவில் மன்றக் கருத்தாளர் ஒவ்வொரு டம்ளரிலும் தண்ணீரை அளந்து ஊற்றுகிறார். கொஞ்சம் கூடினாலும் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து!

வானவில் மன்றம், 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கிய திட்டம். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி அறிவியலும் கணக்கும் செய்முறைப் பொருட்களோடு வந்து இறங்குகின்றன.

இப்போது ஒரு ரகசியம். டம்ளர்களில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. ஒன்றில் வெறும் சோப்புத் தண்ணீர், ஒன்றில் சர்க்கரை சேர்த்தது, ஒன்றில் கிளிசரின் சேர்த்தது. எது எதுவென்று பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்துவிட்டால், தான் நினைத்தது ஜெயிக்க வேண்டுமே என்று ஸ்டாப்வாட்சை அமுக்கும் விரல் ஒரு நொடி தாமதிக்குமே!

மணி அடித்தது. யூகங்கள் கரும்பலகையில் ஏறின. "சர்க்கரைதான் மிஸ், பிசுபிசுன்னு இருக்கும்ல!" நனைத்த தட்டில் ஸ்ட்ராவை வைத்து ஊதினால் அரைக்கோளமாகக் குமிழி எழும்ப வேண்டும். எழும்புவதற்குள் பட்டென்று உடைகிறது.

"ஃபேனை நிறுத்துங்க!"

"ஐயோ மிஸ், வேர்க்குது!"

வகுப்பே முணுமுணுக்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ ஃபேன் போட்டு ஒரு தடவை, நிறுத்தி ஒரு தடவை பாக்கலாமா மிஸ்?" மிஸ் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை. புத்தகத்தில் பத்தி பத்தியாக இருக்கும் விஷயத்தை ஒரு வியர்வைப் புலம்பல் கண்டுபிடித்துவிட்டது.

பிறகு குமிழியின் உச்சியில் கண் வைத்துக் காத்திருப்பு. பச்சை, ஊதா, மஞ்சள் என்று நிறங்கள் வழிகின்றன. நீர் கீழே வடிய வடிய மேலே சவ்வு மெலிகிறது. உச்சி கறுத்தால், "போச்சு, போச்சு!" கிளிசரின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் ஆவியாக விடாது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. மூன்றாம் எண் டம்ளரே சொல்லிவிட்டது. ஒரு முறை போதாது என்று திரும்பத் திரும்ப ஊதி, சராசரி போட்ட பிறகுதான் எண்களின் குட்டு உடைக்கப்பட்டது. கூச்சலில் பக்கத்து வகுப்பு எழுந்து வந்து நின்றது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன் 1907-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று திரவங்களின் பரப்பு இழுவிசையை அளப்பது பற்றியதுதான். அதே விசைதான் இந்தத் தட்டிலும் குமிழியை இழுத்து உருட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரத்துக்கான சண்டை இப்போதே ஆரம்பம். "எங்க வீட்டு போர் தண்ணியில சோப்பே நுரைக்காது மிஸ்!" "கேன் தண்ணிய விட மழைத்தண்ணிதான் பெஸ்ட்!" சரி, ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வாங்க, பெயர் எழுதாமல்.