மங்கையும் மானும்: ஒளிப்படக் கலை பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

மகளிர் உருவத்தோடு பறவையையோ விலங்கையோ இணைத்துக் காட்டுதல் கலைஞரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். சிற்பி அதனைக் கல்லிலே செய்தான். ஓவியன் வண்ணத்திலே செய்தான். புலவன் சொல்லிலே செய்தான். 1839ஆம் ஆண்டில் உலகறியத் தோன்றிய ஒளிப்படக் கலையும் அவ்வழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கல்லும் வண்ணமும் சொல்லும் கற்பனைக்கு முற்றும் இடங்கொடுப்பன. ஒளிப்படமோ, உண்மையாகவே ஒரு பெண்ணும் ஒரு விலங்கும் கருவியின் முன் நின்றாலன்றித் தோன்றாது. ஆதலின், "இப்பெண் யார்? இவ்விலங்கு யாருடையது? இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தியவர் யார்?" என்னும் மூன்று வினாக்கள் இத்தகைய படங்களைக் காணுந்தோறும் எழுகின்றன.

மலையகத்தில் வாழும் நமக்கு இவை வெறும் கலை வினாக்கள் அல்ல. கூடை சுமந்த நம் அன்னையரின் உருவம் அஞ்சலட்டையிலும் தேயிலைப் பொதியிலும் ஏறி உலகெங்கும் சென்றது. அவர்தம் பெயர் அதனுடன் செல்லவில்லை. அன்றியும், பெண்களை ஒளிப்படத்திற் கலைநயம்பட அமைத்தோருள் முதல்வரிசையில் வைத்தெண்ணப்படும் ஒருவர், கொட்டகலைக்கு அணித்தாயுள்ள டிக்கோயாப் பள்ளத்தாக்கிலேயே தம் இறுதி மூச்சை விட்டார். எனவே இப்பொருளை ஈண்டு ஆராய்தல் பொருத்தமுடைத்து.

பழங்கலைகள் காட்டும் நெறி

குறிஞ்சித் திணைக்குரிய தலைவி தினைப்புனத்திலே கிளிகடிந்து நிற்பவள். தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளியை ஓட்டுதல் அவள் தொழில். பயிரை உண்ண வரும் அக்கிளியோடுதான் அவள் நாள் முழுவதும் பழகுகின்றாள். காளிதாசன் படைத்த சகுந்தலை கண்ணுவரின் ஆசிரமத்தை விட்டுப் பிரியுங்கால், அவள் வளர்த்த மான்கன்று ஆடையைப் பற்றியிழுத்துத் தடுக்கின்றது. வடநாட்டு இராகமாலை ஓவியங்களிலே தோடி இராகினி வீணை தாங்கி நிற்க, மான்கள் அவளைச் சூழ்ந்து இசை கேட்கின்றன. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபச் சிற்பத்திலே, பால் கறப்பவனுக்கு இசைந்து நிற்கும் பசு தன் கன்றை நக்குகின்றது. அதே பாறையிலே ஆய்ச்சியர் தம் சுமைகளோடு காணப்படுகின்றனர்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், பெண்ணும் விலங்கும் இணையும் முறை மூவகைப்படும் எனலாம். முதலாவது உறவு, சகுந்தலையும் மானும் அதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது குறிப்பு, மதுரை மீனாட்சியின் கையிலும் திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் அமர்ந்த கிளி, அவர்களை இன்னாரென அறிவிக்கும் அடையாளமாகும். இத்தாலிய ஓவியர் லியொனார்தோ 1490ஆம் ஆண்டளவில் தீட்டிய, வெண்கீரி போன்றதொரு சிறுவிலங்கை ஏந்திய நங்கையின் ஓவியமும் இவ்வகையினதே. அந்நங்கையை ஆதரித்த மிலான் நகரத் தலைவனுக்கு அவ்விலங்கு அடையாளமாய் இருந்தது என்பர் கலை வரலாற்றறிஞர். மூன்றாவது அணி. இங்கே விலங்குக்கு உறவுமில்லை, குறிப்புமில்லை. பட்டாடை போலவும் முத்துமாலை போலவும் பெண்ணின் அழகை எடுத்துக்காட்டற்கு மட்டும் அது பயன்படுகின்றது.

இம்மூன்றனுள் ஒளிப்படக்கலை பெரிதும் சென்று சேர்ந்த இடம் மூன்றாவதேயாகும். அதற்குரிய காரணங்களுள் ஒன்று கருவியின் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

கருவியின் இயல்பு

1851ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையே அடுத்த முப்பதாண்டுக் காலம் ஒளிப்படக் கலைஞரின் வழியாயிருந்தது. கொலோடியன் என்னும் பசையைக் கண்ணாடித் தட்டின்மீது பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் துலக்க வேண்டும். வெப்ப நாடுகளில் அவ்வீரம் விரைவில் உலர்ந்துவிடும். தட்டின் உணர்திறன் குறைவாதலின், வெளிச்சத்துக்கும் தட்டின் அளவுக்கும் ஏற்பச் சில நொடிகளோ சில நிமிடங்களோ அசையாதிருத்தல் வேண்டும். மனிதருக்கே அஃது அரிது. அதனால் நிலையங்களில் அமர்ந்தோரின் தலையைப் பின்னாலிருந்து இருப்புக் கவையொன்று தாங்கிக்கொள்ளும்.

விலங்கோ எவர் சொல்லுக்கும் அசையாதிராது. காதை ஆட்டும், வாலை வீசும், படத்தில் அது புகைபோல் மங்கித் தோன்றும். ஆதலின் அக்காலத்து ஒளிப்பட நிலையங்கள் உறங்கும் நாயையும், பஞ்சடைத்த பறவையையும், பாடம்செய்த விலங்கையும் நாடின. ஓவியத்தில் துள்ளிய மான் ஒளிப்படத்தில் உயிரற்ற பொருளாகியது. 1870களின் பிற்பகுதியில் உலர்தட்டுகள் விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1878ஆம் ஆண்டில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையின் அசைவுகளை அடுத்தடுத்துப் படம்பிடித்துக் காட்டினார். விலங்கை அசையாமல் நிறுத்தும் கட்டாயம் நீங்கிற்று. ஆனால் நிறுத்தும் வழக்கம் நீங்கவில்லை.

டிக்கோயாவில் மறைந்த கலைஞர்

ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1815ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் பிறந்தவர். கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவால் இலங்கை வரலாற்றில் இடம்பெற்ற சாள்ஸ் ஹே கமரனின் மனைவியார். 1863ஆம் ஆண்டில், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகள் அன்பளிப்பாக அளித்த கருவியைக் கொண்டு அவர் இக்கலையைத் தொடங்கினார். வீட்டுப் பணிப்பெண்களை மரியன்னையாகவும், உறவினர் குழந்தைகளை வானவராகவும் கோலம்புனைந்து நிறுத்திப் படமெடுத்தார். 1872ஆம் ஆண்டுப் படங்களில் அக்குழந்தைகளின் தோள்களிலே அன்னப் பறவையின் சிறகுகள் கட்டப்பட்டுள்ளன. பறவை இல்லை, அதன் சிறகு மட்டும் உண்டு. அணியாக மாறிய விலங்குக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1875ஆம் ஆண்டில் கமரன் குடும்பத்தினர் இலங்கையிற் குடியேறினர். களுத்துறையில் அவர்கள் வாழ்ந்த இல்லத்துக்கு 1877ஆம் ஆண்டளவில் மேரியான் நோர்த் என்னும் ஓவிய அம்மையார் விருந்தினராய் வந்தார். முயலும் அணிலும் மைனாவும் அச்சமின்றி வீட்டினுள் ஓடித்திரிந்தன என்றும், வளர்ப்பு மானொன்று வாயிலைக் காத்து நின்றது என்றும் அவர் தம் நினைவுநூலில் எழுதிவைத்துள்ளார். தமக்குக் கம்பளித் துகில் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தலையிற் குத்தும் தென்னோலைகளின் நடுவே நிறுத்திக் கமரன் அம்மையார் படமெடுத்த கதையையும் நகைச்சுவையோடு கூறியுள்ளார். வாயிலில் உயிருள்ள மான் நிற்க, படத்துக்கோ துகிலும் ஓலையுமே வேண்டப்பட்டன. வாழ்க்கை ஒருபுறமும் கோலம் ஒருபுறமுமாய் நின்ற நிலை இது.

எனினும் நோர்த் அம்மையாருக்குத் தம் கதையைத் தாமே எழுதும் வாய்ப்பிருந்தது. அதே கருவியின்முன் நின்ற உள்ளூர் மக்களுக்கு அவ்வாய்ப்பில்லை. இலங்கையில் கமரன் அம்மையார் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றுள் 1878ஆம் ஆண்டின் 'களுத்துறைக் குடியானவர் குழு' என்னும் படத்தின் கீழ், சிறுமியின் வயது பன்னிரண்டு என்றும், அவள் தந்தை எனத் தம்மைக் கூறும் முதியவர் தமக்கு நூறு வயது என்கின்றார் என்றும் அம்மையார் எழுதியுள்ளார். வயதைக் கேட்டறிந்து எழுதிய கை பெயரை எழுதவில்லை. முகத்தின் உள்ளொளியைக் காட்டுவதில் நிகரற்றவர் எனப் போற்றப்படும் கலைஞரிடத்திலேயே இக்குறை காணப்படுமாயின், ஏனையோரைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயான் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலய முற்றத்திலே அவர் கல்லறை உள்ளது. கொட்டகலையிலிருந்து ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் எவரும் அதனைக் கண்டு வரலாம். இக்கலையைப் பயில விரும்பும் மாணவர் ஒருமுறையேனும் அங்குச் சென்று வருதல் நன்று.

அஞ்சலட்டையும் விளம்பரமும்

கமரன் அம்மையார் மறைந்த காலத்தில் இம்மலைகள் கோப்பிக்குரியனவாயிருந்தன. 1869ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இலைநோயாற் கோப்பி அழிய, 1880களில் தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. தேயிலையோடு விளம்பரமும் வளர்ந்தது. கண்டியில் ஸ்கோவன், கொழும்பில் ஸ்கீன், 1890ஆம் ஆண்டு முதல் பிளாட்டே ஆகிய நிலையத்தார் இலங்கைக் காட்சிகளைப் படமாக்கி விற்றனர். 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்றாற்போலும் பொதுப்பெயர்களே அத்தகைய படங்களுக்கு இடப்பட்டன. யானையும் எருத்து வண்டியும் ஒரு தொகுதி; கொழுந்து பறிக்கும் பெண் மற்றொரு தொகுதி. காண்போருக்கு இரண்டும் ஒரே நாட்டின் விந்தைப் பொருள்களாயின. 1934ஆம் ஆண்டில் தேயிலைப் பிரசாரச் சபைக்காக பசில் ரைட் இயக்கிய 'இலங்கையின் கீதம்' என்னும் அரிய திரைப்படத்தில், நம் நாட்டு ஒளிப்படமேதை லயனல் வென்ற் அவர்களின் குரல் ஒலிக்கின்றது. கொழுந்து பறிக்கும் பெண்களின் குரலைத் தனித்து நாம் கேட்கவில்லை.

விளம்பரப் படங்களில் மங்கையர் புத்தாடை புனைந்து முகமலர்ந்து நிற்பர். செடி கிழிக்காதவாறு இடையிற் கட்டும் படங்கும், அட்டை கடித்த காலும் அவற்றில் இடம்பெறா. கோலம் புனைதல் குற்றமன்று. கோலத்தையே வாழ்க்கையென விற்பதுதான் குற்றம்.

பாரிசு நகரத்து யானைகள்

மேனாட்டிலே இவ்வகைப் படங்களுள் தலைசிறந்ததாகக் கொண்டாடப்படுவது 'டொவீமாவும் யானைகளும்' என்பது. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பாரிசு நகரத்துக் குளிர்கால சேர்க்கசு அரங்கில், ரிச்சட் அவடன் என்னும் அமெரிக்கர் அதனை எடுத்தார். டியோர் நிறுவனத்தின் கரிய மாலையாடையும் வெண்பட்டுக் கச்சும் அணிந்த நங்கை இரு கைகளையும் விரித்து நிற்க, இருமருங்கும் யானைகள் அசைந்துகொண்டிருக்கின்றன. சுருங்கிய தோலும் வழுவழுத்த பட்டும், பெரும் பாரமும் மெல்லிய வளைவும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் முரணழகு அதில் உண்டு. ஆயினும் யானைகளின் காலிற் சங்கிலி இருப்பதை உற்றுநோக்குவார் காண்பர். படத்தின் அழகை அது கெடுத்துவிட்டதெனக் கூறுதற்கில்லை. அவ்வழகுக்கு யார் விலைகொடுத்தார் என்பதை அது கூறிவிடுகின்றது. ஒன்று மட்டும் கருதத்தக்கது: அப்படத்தின் தலைப்பிலே நங்கையின் பெயர் உள்ளது.

நம் தோட்டத்துப் பெண்ணும் விலங்கும்

இனி நம் மண்ணுக்கு மீள்வோம். மலையகப் பெண்ணின் வாழ்விலே விலங்குக்கு இடமில்லையா? உண்டு. லயத்துக்கு அயலே மாட்டுத் தொழுவம் உண்டு. ஆடும் கோழியும் உண்டு. பகல் முழுவதும் கொழுந்து பறித்தவள், மாலையில் புற்கட்டைச் சுமந்து வந்து பசுவுக்கு இடுகின்றாள். அவள் விற்கும் பால் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உதவுகின்றது. முன்னர்க் கூறிய மூவகையுள் இஃது உறவு என்னும் முதலாம் வகையைச் சேரும். உழைப்பும் கலந்த உறவு. மாட்டுப்பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, நெற்றியிற் குங்குமமிட்டு அவள் நிற்கும் நிலையிலே சகுந்தலையும் உளள். மாமல்லபுரத்து ஆய்ச்சியும் உளள். அஞ்சலட்டைக்காரரின் கண்ணுக்கு இவள் எளிதிற் புலப்படவில்லை. அவள் முதுகின் கூடையை விற்கலாம். வீட்டுப் பசுவை விற்றற்கு வழியில்லை.

இன்னொரு விலங்கும் உண்டு. அண்மைக் காலத்தில் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களை அடுத்த காடுகளில் ஆய்வாளர் நிறுவிய தானியங்கிக் கருவிகள், இரவில் நடமாடும் சிறுத்தைகளைப் படம்பிடித்துள்ளன. தொழிலாளர் பகலில் நடக்கும் நிலத்திலேயே இரவில் அவை நடக்கின்றன. அச்சமும் விழிப்பும் கலந்த அவ்வயன்மையை எந்தக் கலைநிலையமும் கோலம்புனைந்து காட்ட இயலாது.

நம் முன்னோர் பலருக்குத் தம் உருவம் பதித்த முதற்படம் கடவுச்சீட்டுக்காக எடுக்கப்பட்டதாகவே இருத்தல் கூடும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் அவர்களை விண்ணப்பப் படிவங்களின் முன் நிறுத்தின. அப்படங்களிலே பெயர் இருந்தது; வாழ்க்கை இல்லை. அஞ்சலட்டையிலே வாழ்க்கையின் சாயல் இருந்தது, பெயர் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த படம் அரிதாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெண்ணும் விலங்கும் சேர்ந்த ஒளிப்படத்தின் மேன்மை அவர்கள் நிற்கும் அழகினால் மட்டும் அமைவதன்று என்பது பெறப்படும். படம் எடுக்கப்படுமுன்னரே அவர்களிடையே உறவொன்று இருந்ததா என்பதே உரைகல்லாகும். இருந்ததாயின், எளிய படமும் கலையாகும். இல்லையாயின், பெருங்கலைஞன் படமும் அணிகலத்தின் நிலையிலேயே நிற்கும்.

இன்று கைத்தொலைபேசி வழியே கருவி நம் மாணவர் கைக்கு வந்துள்ளது. மாட்டுப்பொங்கலன்று உம் தாயாரையும் பாட்டியாரையும் அவர்கள் வளர்த்த பசுவோடு நிற்குமாறு கேளுங்கள். எங்கே நிற்க விரும்புகின்றார், எவ்வாடை அணிய விரும்புகின்றார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். படத்தை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும், பசுவுக்கு இட்டு அழைக்கும் பெயரையும் எழுதிவையுங்கள். கமரன் அம்மையாரின் கை எழுதாது விட்ட ஒரு வரியை நம் கை எழுதி நிறைவு செய்யட்டும்.